புழு ஜீனோம்ல பாலூட்டி டிஎன்ஏ தெரியுதா? தாவி வந்ததா, ஒட்டிக்கிட்டு வந்ததான்னு பாக்குறது எப்படி

ப்ராஜெக்ட்டுக்கு ஒட்டுண்ணிப் புழு எடுத்த பசங்ககிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி இது. "அண்ணா, ஆட்டுக் குடற்புழு ஜீனோமை பிளாஸ்ட் போட்டேன், ஒரு துண்டு அப்படியே ஆட்டு டிஎன்ஏ மாதிரியே வருது, ஹாரிசான்டல் டிரான்ஸ்ஃபர்தானே?" பிளாஸ்ட்டுங்கிறது ஒரு டிஎன்ஏ துண்டை டேட்டாபேஸ்ல இருக்கிறதோட ஒப்பிட்டுத் தேடுற டூல், ஹாரிசான்டல் டிரான்ஸ்ஃபர்னா அப்பா அம்மா வழியா இல்லாம வேற இனத்துல இருந்து டிஎன்ஏ தாவி வர்றது. கேள்விக்கு பதில், பெரும்பாலும் இல்லப்பா. ஆனா அபூர்வமா ஆமாங்கிற கேஸும் இருக்கு, அதனாலதான் இதை முறையா செக் பண்ணத் தெரிஞ்சிருக்கணும். எந்த வரிசையில பாக்கணும், ஒவ்வொரு இடத்துலயும் எங்க வழுக்கும்னு எழுதுறேன். ஒரு லேப்டாப், நெட், கொஞ்சம் லினக்ஸ் தெரிஞ்சா முக்கால்வாசி வேலை நீங்களே பண்ணிடலாம்.

முதல்ல எதிர்பார்ப்பை சரி பண்ணிக்குவோம். 2019ல கனடாவுல கால்கரி யுனிவர்சிட்டியில சோன்யா டுனமன், ஜேம்ஸ் வாஸ்மத் ரெண்டு பேரும் உருளைப்புழுக்கள், பாலூட்டிகள்னு சேர்த்து 197 ஜீனோம்ல, ஆர்டிஇ-ங்கிற குடும்பத்தைச் சேர்ந்த 43 தாவும் துண்டுகளைத் தேடினாங்க. கன்டாமினேஷனை, அதாவது சாம்பிள்ல கலந்து வந்த வேற உயிரோட டிஎன்ஏவை எல்லாம் கழிச்ச பிறகு மிஞ்சினது ஒரே ஒரு கேஸ். காமன் ஷ்ரூன்னு சொல்ற ஐரோப்பிய மூஞ்சூறு இருக்கே, சோரெக்ஸ் அரேனியஸ், நம்ம வீட்டு மூஞ்சூறும் அதே குடும்பம்தான், அதோட ஜீனோம்ல இருக்கிற ஆர்டிஇ1_சார்-ங்கிற துண்டு ஒட்டுண்ணி உருளைப்புழுக்கள்லயும் இருந்துச்சு. 197 ஜீனோம் அலசி ஒண்ணு. இதை மனசுல வச்சுக்கிட்டு உங்க ரிசல்ட்டைப் பாருங்க, ஒரே ராத்திரியில நாப்பது ஜீன் தாவினதா லிஸ்ட் வந்தா சந்தேகப்பட வேண்டியது முதல்ல அந்த லிஸ்ட்டைத்தான்.

இன்னொண்ணும் கவனிங்க, தாவினது வேலை செய்யிற சாதாரண ஜீன் கிடையாது, டிரான்ஸ்போசான், அதாவது ஜீனோமுக்குள்ள இடம் மாறி மாறி உக்கார்ற துண்டு. அது ஏன்னா ஒரு சாதாரண ஜீன் புழுவுக்குள்ள போகணும்னா முதல்ல முட்டையோ விந்தோ உண்டாக்குற செல்லுக்குள்ள நுழையணும், அப்புறம் குரோமோசோம்ல ஒட்டணும், ஜீனை ஆன் பண்ற புரோமோட்டர் கிடைக்கணும், தலைமுறை தலைமுறையா தொலைஞ்சு போகாம இருக்கணும். ஆர்டிஇ மாதிரி துண்டுக்கு ஒட்டுற வேலைக்கான என்சைம் அதுக்குள்ளயே இருக்கு, சுமார் 3,000 எழுத்து நீளத்துக்குள்ளயே டிஎன்ஏவை வெட்டுற எண்டோநியூக்ளியேஸும் ஆர்என்ஏவை டிஎன்ஏவா மாத்துற ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸும் அடக்கம். ஒரு காப்பி உள்ள போனா போதும், அது தானே பெருகிக்கும். அதனால பாலூட்டிக்கும் புழுவுக்கும் நடுவுல நிஜ பரிமாற்றம் தேடுறவங்க டிரான்ஸ்போசான்ல இருந்து ஆரம்பிக்கிறதுதான் சரி.

இப்ப வேலைக்கு வருவோம். பிளாஸ்ட் திறக்கிறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய காரியம், அந்த புழு எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்குறது. வோர்ம்பேஸ் பாராசைட்-ங்கிற புழு ஜீனோம் டேட்டாபேஸ்ல உங்க புழுவோட பக்கத்துக்குப் போங்க, அங்க இருந்து பயோசாம்பிள் பதிவுக்குப் போங்க. ஹோஸ்ட், அதாவது புழு ஒட்டி வாழ்ந்த விலங்கு எது, எந்த உறுப்பு, எந்த பருவம், எந்த ஸ்ட்ரெயின்னு அதுல இருக்கும், சிலதுல காலியா விட்டிருப்பாங்க, அப்ப பேப்பரோட மெத்தட்ஸ் பகுதியைப் படிச்சே ஆகணும். ஹீமோன்கஸ் கன்டார்ட்டஸ் ஆட்டோட நாலாவது இரைப்பையில ரத்தம் குடிச்சு வாழுற புழு. சிஸ்டோசோமா மான்சோனியோட வளர்ந்த புழுவை லேப்ல எலியோட ரத்தக்குழாயில இருந்து எடுப்பாங்க. புரூஜியா மலாயியை ஜெர்பில்ங்கிற பாலைவன எலி வயித்துல வளர்ப்பாங்க. உங்க ஹிட் எந்த விலங்கோடதுன்னு பாத்து, அதுவும் புழுவை எடுத்த விலங்கும் ஒண்ணா இருந்தா சந்தேகத்தை டபுளாக்குங்க.

ரத்தம் குடிக்கிற புழுவோட வயித்துல என்ன இருக்கும்னு கொஞ்சம் யோசிங்க. பாலூட்டியோட சிவப்பணுவுல நியூக்ளியஸ் கிடையாது, அதனால சிலர் ரத்தத்துல இருந்து பெருசா டிஎன்ஏ வராதுன்னு விட்டுடுறாங்க, ஆனா வெள்ளையணுவுல இருக்கு, குடல் சுவர் செல்லுல இருக்கு, புழுவோட தோல்ல ஒட்டியிருக்கிற சளியிலயும் இருக்கு. பறவையில இருந்து எடுத்த புழுன்னா இன்னும் மோசம், பறவையோட சிவப்பணுவுலயே நியூக்ளியஸ் உண்டு. எவ்வளவு கழுவினாலும் முழுசா போகாது.

இதுக்கு ஒரு அருமையான வழி இருக்கு, ஹோஸ்டை தொடாத பருவத்துல இருந்து டிஎன்ஏ எடுக்கிறது. சிஸ்டோசோமாவையே எடுத்துக்கங்க. அதோட செர்கேரியா பருவம் பயோம்ஃபலேரியா-ங்கிற நன்னீர் நத்தையில வளருது. நோய் உள்ள நத்தையை சுத்தமான தண்ணி வச்ச சின்ன பீக்கர்ல போட்டு வெளிச்சத்துல வச்சா கொஞ்ச நேரத்துல தண்ணியில பொடிப்பொடியா, பிளவுபட்ட வாலோட நீந்திக்கிட்டு வரும். அந்த செர்கேரியா எலியை இன்னும் பாக்கவே இல்ல. அதுல இருந்து எடுத்த டிஎன்ஏவுல கன்டாமினேஷன் வந்தா நத்தையோடது வரும், எலியோடது வர வழி ரொம்ப கம்மி. வளர்ந்த புழுவுல மட்டும் இருந்து செர்கேரியாவுல காணாம போற எலித் துண்டு புழுவோடது இல்ல, அங்கயே கேஸ் முடிஞ்சுது. புரூஜியாவுக்கு கொசுவுல இருக்கிற எல்3-ங்கிற மூணாம் பருவ லார்வா எடுக்கலாம். ஹீமோன்கஸோட எல்3 ஆட்டுப் புழுக்கையில வளர்த்து எடுக்கிறது, அதுல பாக்டீரியா தொல்லை அதிகம்னாலும் ஆட்டு டிஎன்ஏ பிரச்சனை குறையும். எஸ்ஆர்ஏ-ங்கிற பொது டேட்டாபேஸ்ல தேடினா பல புழுக்களுக்கு பருவவாரியா ரீட், அதாவது மெஷின் படிச்ச டிஎன்ஏ துண்டுகள், கிடைக்குது, நீங்க லேப்ல எதையும் தொட வேண்டாம்.

அடுத்தது பிளாஸ்ட். நியூக்ளியோடைட்டை வச்சு தேடுறவங்க டிஃபால்ட்டா இருக்கிற மெகாபிளாஸ்ட்லயே விட்டுடாதீங்க, அதோட ஆரம்ப வார்த்தை நீளம் 28, அதாவது 28 எழுத்து தொடர்ந்து அப்படியே ஒத்துப்போனாத்தான் மேல பாக்கும், ரொம்ப ஒத்துப்போற துண்டுதான் கண்ணுல படும், அதாவது கன்டாமினேஷனைத்தான் அது நல்லா பிடிக்கும், பழைய டிரான்ஸ்ஃபரை கோட்டை விட்டுடும். பிளாஸ்ட்என் மோடுக்கு மாத்துங்க, வார்த்தை நீளம் 11. இன்னும் பழசு தேடணும்னா ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் புரோட்டீனை வச்சு டிபிளாஸ்ட்என் போடுங்க. ரெப்பேஸ், டிஃபாம் ரெண்டுலயும் டிரான்ஸ்போசான் கன்சென்சஸ், அதாவது பல காப்பியை வச்சு எடுத்த பொது வரிசை இருக்கு, அதை வச்சு ரிப்பீட்மாஸ்கர் ஓட்டினா எத்தனை காப்பி, எங்கெங்கன்னு வந்துடும்.

ஹிட் வந்ததும் எல்லாரும் சந்தோஷப்படுற இடம்தான் ரொம்ப ஆபத்தான இடம். 100 சதவீதம் ஒத்துப்போகுதுன்னா அது நல்ல செய்தி இல்ல. புழுவோட வம்சமும் பாலூட்டியோட வம்சமும் பிரிஞ்சு 50 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல ஒரு துண்டு தாவியிருந்தா தாவின நாள்ல இருந்து ரெண்டு பக்கமும் தனித்தனியா மியூடேஷன் சேர்ந்திருக்கணும். உதாரணத்துக்கு ஏவிஆர்டிஇ, பறவைகளுக்கும் ஃபைலேரியா புழுக்களுக்கும் நடுவுல தாவின துண்டு, 2016ல அலெக்சாண்டர் சூ குழு வெளியிட்டது. அது புரூஜியா, வுச்சரேரியா வம்சத்துல 2.5 முதல் 2.2 கோடி வருஷத்துக்கு முன்னாடி, லோவா வம்சத்துல 2 முதல் 1.7 கோடி வருஷத்துக்கு முன்னாடின்னு கணக்கு போட்டிருக்காங்க. நம்ம ஊர்ல யானைக்கால் நோய் உண்டாக்குற அதே வுச்சரேரியா பான்கிராஃப்டிதான், அதோட ஜீனோமுக்குள்ள பறவைகளோட பங்கு போட்ட ஒரு துண்டு உக்காந்திருக்கு. இந்த மாதிரி கோடி வருஷ பழசுல காப்பிக்கு காப்பி வித்தியாசம் இருக்கும், பாதி உடைஞ்சு போயிருக்கும், பல காப்பிக்கு முன்பக்கம் வெட்டுப்பட்டிருக்கும். உங்க ஹிட் இன்னைக்கு வாழுற ஆட்டோட எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருந்தா, அது இன்னைக்கு வாழ்ந்த ஆட்டுல இருந்து வந்ததாத்தான் இருக்கும்.

வித்தியாசம் ரொம்ப அதிகமா இருந்தா அதுக்கு வேற அர்த்தம், அந்த ஜீன் ரெண்டு பக்கமும் பொது மூதாதைகிட்ட இருந்தே வந்திருக்கலாம். நிஜ டிரான்ஸ்ஃபர் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கும். தாவல்னு சொல்ல அந்த துண்டு, அதே ரெண்டு உயிருக்கும் பொதுவா இருக்கிற சாதாரண ஜீன்களை விட கணிசமா அதிகமா ஒத்துப்போகணும். டிஎஸ் (புரோட்டீனை மாத்தாத எழுத்து மாற்றங்களோட அளவு) கணக்கு போட்டு ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டுங்க, ரிவ்யூவர் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

ஆடு மாடு சம்பந்தப்பட்ட புழுவுக்கு ஒரு தனி எச்சரிக்கை. போவ்பி-ன்னு ஒரு ஆர்டிஇ துண்டு, மாடு ஆடு ஜீனோம்ல ஏராளமா பெருகிக் கிடக்குது, பாம்பு பல்லிகள்லயும் இருக்கு, உண்ணிகள் அதை தூக்கிட்டுப் போயிருக்கலாம்னு 2013ல டேவிட் ஆடல்சன் குழு ஆஸ்திரேலியாவுல இருந்து எழுதினாங்க. கேட்டதும் நம்ம மனசு அடுத்து குடற்புழுவுலயும் போவ்பி இருக்குமேன்னு ஓடும். ஓடட்டும், ஆனா யோசிங்க, ஒரு துண்டு ஆட்டு ஜீனோம்ல அவ்வளவு காப்பி இருக்குன்னா, புழு சாம்பிள்ல ஆட்டு டிஎன்ஏ துளி கலந்தாலும் முதல்ல கண்ணுல படப்போறது அதேதான். ஹோஸ்ட்ல அதிகமா இருக்கிற துண்டுதான் நிஜமா தாவவும் வாய்ப்பு அதிகம், பொய்யா தெரியவும் வாய்ப்பு அதிகம். இந்த ரெண்டையும் பிளாஸ்ட்டால பிரிக்க முடியாது.

பிரிக்கிறதுக்கு ரீட் வேணும். இதுதான் இந்த மொத்த வேலையோட உசுரு, டுனமனும் வாஸ்மத்தும் அசெம்பிளியை நம்பாம ரா ரீட்டை வச்சு கன்டாமினேஷனைப் பிடிச்சதும் இதுக்காகத்தான். அசெம்பிளிங்கிறது ரீட்களை எப்படி ஒட்டி ஜீனோமாக்கணும்னு சாஃப்ட்வேர் எடுத்த முடிவு, ரீட்தான் மெஷின் படிச்ச டிஎன்ஏ. முதல்ல சுலபமான டெஸ்ட், ஹோஸ்டோட மைட்டோகாண்ட்ரியா சீக்வன்ஸை எடுத்து மொத்த ரீட்டையும் அதுமேல மேப் பண்ணுங்க. ஒரு செல்லுக்கு நூத்துக்கணக்குல காப்பி இருக்கிறதால கொஞ்சம் கலந்திருந்தாலும் காட்டிக் கொடுத்துடும். ஆட்டு மைட்டோகாண்ட்ரியா முழுசும் ரீட்டால மூடியிருந்தா சாம்பிள்ல ஆடு இருக்கு, இனி வர்ற ஒவ்வொரு ஹிட்டையும் அந்தக் கண்ணோட பாருங்க.

அடுத்து கவரேஜ், அதாவது ஒரு இடத்தை எத்தனை ரீட் மூடுதுங்கிற ஆழம். பிளாப்டூல்ஸ் ஓட்டுங்க, ஒவ்வொரு கான்டிக்கையும் (ரீட்களை ஒட்டி வந்த நீளத் துண்டு) ஜி, சி எழுத்துகளோட ஜிசி சதவீதம் ஒரு பக்கம், ரீட் ஆழம் ஒரு பக்கம்னு புள்ளியா வரைஞ்சு, எந்த உயிரோட ஒத்துப்போகுதுன்னு கலர் கொடுக்கும். புழு கான்டிக் எல்லாம் ஒரு கூட்டமா, உதாரணத்துக்கு 80 மடங்கு ஆழத்துல இருக்கும், கலந்த ஹோஸ்ட் கான்டிக் 2, 3 மடங்குல தனியா கீழ கிடக்கும். இந்தப் படம் எவ்வளவு முக்கியம்னா, 2015ல டார்டிகிரேட்-ங்கிற நீர்க்கரடியோட ஜீன்கள்ல ஆறுல ஒரு பங்கு வெளியில இருந்து தாவினதுன்னு ஒரு பேப்பர் வந்துச்சு, எடின்பரோவுல மார்க் பிளாக்ஸ்டர் குழு அதே உயிரைத் தனியா சீக்வன்ஸ் பண்ணி ஒப்பிட்டுப் பாத்து 2016ல பெரும்பகுதி கன்டாமினேஷன்னு காட்டிட்டாங்க. டிரான்ஸ்போசானுக்கு மட்டும் ஒரு கவனம், பல காப்பி ஒண்ணா அமுங்கி ஆழம் பொய்யா ஏறும், அதனால துண்டை விட்டுட்டு ரெண்டு பக்கத்து ஓரத்தோட ஆழத்தைப் பாருங்க.

இப்ப அந்த ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாக்கணும். மினிமேப்2ல மேப் பண்ணி, சாம்டூல்ஸ்ல சார்ட் பண்ணி, ஐஜிவி-ங்கிற வியூவர்ல திறங்க, புழு டிஎன்ஏ முடிஞ்சு துண்டு ஆரம்பிக்கிற எழுத்துக்கு ஜூம் பண்ணுங்க. நிஜமான இடம்னா ரீட்கள் அந்த எல்லையை சர்வசாதாரணமா தாண்டிப் போகும், இடது பக்கம் 30 எழுத்து வலது பக்கம் 120, அடுத்த ரீட்ல 75க்கு 75ன்னு படிக்கட்டு மாதிரி சரிஞ்சு வரும், ஆழம் குறையாது. பொய்யா ஒட்டின இடம்னா அந்த எழுத்துல வந்ததும் ஆழம் பொத்துன்னு விழும், ரெண்டு பக்கத்து ரீட்டும் சாஃப்ட் கிளிப் ஆகி, அதாவது ஓரம் பொருந்தாம ஒதுக்கப்பட்டு, கலர் கலரா நிக்கும், ஒண்ணு ரெண்டு ரீட் மட்டும் தொங்கிக்கிட்டு தாண்டும், லைப்ரரி பண்ணும்போது ஒட்டிக்கிட்ட கைமரா ரீட்டா இருக்கும் அது. லாங் ரீட் இருந்தா கேள்விக்கே இடமில்ல. 3,000 எழுத்துத் துண்டை 15,000 எழுத்து ஹைஃபை ரீட் ஒரே மூச்சுல தாண்டிடும், புழு ஜீன்ல ஆரம்பிச்சு துண்டுக்குள்ள போயி மறுபடி புழு ஜீன்ல வெளிய வர்ற ரீட் அஞ்சாறு இருந்தா கன்டாமினேஷன்னு யாரும் சொல்ல முடியாது. கூடவே நெருங்கின இன்னொரு புழு இனத்துல அதே இடம் துண்டு இல்லாம காலியா இருந்தா ரொம்ப பலமான ஆதாரம்.

இதெல்லாம் தாண்டின பிறகுதான் பரிணாம மரம் வரையணும், பல பேர் இதை முதல்ல வரைஞ்சுட்டு அதுலயே காதலாகி மத்ததை மறந்துடுறாங்க. மாஃப்ட்ல அலைன் பண்ணி ஐக்யூ-ட்ரீல மரம் போடுங்க, கிளைகளை எவ்வளவு நம்பலாம்னு சொல்ற பூட்ஸ்ட்ராப் கண்டிப்பா வேணும். புழுவோட காப்பிகள் மத்த புழுக்களோட சேராம பாலூட்டி கிளைக்குள்ள போய் உக்காந்திருக்கா, இல்ல மூஞ்சூறோட காப்பி புழுக் கிளைக்குள்ள இருக்கான்னு பாருங்க, திசை அதுல இருந்துதான் தெரியும். எத்தனை இனம் சேர்க்கிறீங்கங்கிறதுதான் இங்க விஷயமே. 2001ல மனித ஜீனோம் வந்தப்ப 113ல இருந்து 223 ஜீன் வரைக்கும் பாக்டீரியாவுல இருந்து முதுகெலும்பிகளுக்கு நேரா தாவினதா எழுதினாங்க, அதே வருஷம் ஸ்டீவன் சால்ஸ்பெர்க் குழு ஒப்பிடுற இனங்களைக் கூட்டக் கூட்ட அது சுமார் 40க்கு இறங்குதுன்னு காட்டினாங்க, மிச்சத்துக்கும் மத்த வம்சங்கள்ல ஜீன் தொலைஞ்சு போனது காரணமா இருக்கலாம்னாங்க. டேட்டாபேஸ்ல பாலூட்டி நிரம்பி வழியுது, புழு கொஞ்சம்தான், அதனால டாப் ஹிட் பாலூட்டின்னு வர்றதே ஒரு ஆதாரம் ஆகாது.

டேட்டாபேஸையும் முழுசா நம்பாதீங்க. ஜென்பேங்க்ல 20 லட்சத்துக்கு மேல கலப்படப் பதிவுகள் இருக்குன்னு 2020ல மார்ட்டின் ஸ்டைனெகரும் சால்ஸ்பெர்க்கும் வெளியிட்டாங்க. கலப்படம் எதிர்ப் பக்கமும் நடக்கும், காட்டுல பிடிச்ச மிருகத்தோட திசுவுல புழு இருந்தா மிருகத்தோட ஜீனோம்ல புழு டிஎன்ஏ ஏறிடும், அதனால மேல சொன்ன அத்தனை ரீட் டெஸ்ட்டையும் ஹோஸ்ட் பக்கமும் ஒரு தடவை ஓட்டுங்க.

லேப் வசதி இருக்கிறவங்க கடைசியா பிசிஆர் போடுங்க. ஒரு பிரைமர் புழுவோட தனி ஜீன்லயும் இன்னொண்ணு துண்டுக்குள்ளயும் இருக்கணும், ரெண்டும் துண்டுக்குள்ளயே இருந்தா எதையும் நிரூபிக்காது. பல புழு, வேற ஊர் சாம்பிள், கூடவே ஹோஸ்ட் டிஎன்ஏ மட்டும் வச்ச கன்ட்ரோல், வெறும் தண்ணி கன்ட்ரோல் எல்லாம் வேணும். சதர்ன் பிளாட் (ஒரு துண்டு டிஎன்ஏவுல இருக்கான்னு புரோப் ஒட்ட வச்சுப் பாக்குற டெஸ்ட்) பண்றவங்க, புரோப் கண்ட இடத்துல ஒட்டாம தடுக்கிற பிளாக்கிங்குக்கு என்ன ஊத்துறீங்கன்னு பாருங்க, சால்மன் மீன் விந்து டிஎன்ஏ அதுக்கு காலம் காலமா எல்லா லேப்லயும் இருக்கிற சரக்கு. 2004ல சால்மன் வகை மீன்கள்ல இருந்து சிஸ்டோசோமாவுக்கு டிஎன்ஏ தாவியிருக்குன்னு நேச்சர் ஜெனெடிக்ஸ்ல வந்துச்சு, இத்தனைக்கும் சால்மன் இந்தப் புழுவுக்கு ஹோஸ்டே கிடையாது. 2010ல அதே இதழ்ல கிறிஸ்டோஃப் க்ரூனாவும் ஜெரோம் புவாசியேவும் அதுக்கு ஆதாரம் இல்லன்னு மறுத்தாங்க. ஹோஸ்ட் இல்லாத உயிரோட டிஎன்ஏ தெரிஞ்சா உங்க பெஞ்ச் மேல இருக்கிற பாட்டிலையெல்லாம் ஒரு தடவை பாத்துக்கங்க.

டிரான்ஸ்ஃபர் மாதிரியே தெரிஞ்சாலும் அது இல்லாத ரெண்டு விஷயம் இருக்கு. ஹெலிக்மோசோமாய்டிஸ்-ங்கிற எலிக் குடற்புழு, எலியோட நோய் எதிர்ப்பை அடக்குற டிஜிஎஃப்-பீட்டா சிக்னல் வேலையை அப்படியே பண்ற ஒரு புரோட்டீனை வெளியிடுது, 2017ல வந்த விஷயம். வேலை ஒண்ணு, ஆனா சீக்வன்ஸ்ல டிஜிஎஃப்-பீட்டாவோட சம்பந்தமே இல்ல, வேற குடும்பத்து டொமைன்களை வச்சு புழு தானா உருவாக்கிக்கிட்டது. திருடினதா நினைச்சுடாதீங்க. அதே புழு பொடிப் பைகள்ல மைக்ரோஆர்என்ஏவை அடைச்சு எலியோட செல்லுக்குள்ள அனுப்புதுன்னு 2014ல ஏமி பக் குழு காட்டினாங்க, அது ஹோஸ்டோட ஜீன் வேலையை மாத்துது, ஜீனோமுக்குள்ள எதையும் எழுதுறதில்ல, அடுத்த தலைமுறைக்கும் போகாது. வயித்துல பூச்சி இருந்தா நம்ம ஜீன் மாறிடுமான்னு வீட்ல கேட்டா இதையே சொல்லலாம், மேல சொன்ன தாவல்கள் எல்லாம் ஒரு வம்சத்துல கோடிக்கணக்கான வருஷத்துல எப்பவோ நடந்தது.

எழுதும்போது பாஸ் ஆனதை மட்டும் போடாம எந்தெந்த ஹிட்டை எந்த டெஸ்ட்ல தள்ளினீங்கன்னு ஒரு டேபிள் போடுங்க, படிக்கிறவங்க மிஞ்சினதை நம்புறது அதை வச்சுத்தான். திசை தெரியலைன்னா இந்த ரெண்டு வம்சத்துக்கும் நடுவுல தாவியிருக்கு, அதோட நிறுத்திக்கங்க, நேரா ஹோஸ்ட்ல இருந்து புழுவுக்கு வந்ததா, கொசு உண்ணின்னு மூணாவது ஆள் கொண்டு வந்ததான்னு மரம் மட்டும் வச்சு சொல்ல முடியாது. ரீட், ஸ்கிரிப்ட், அலைன்மென்ட் எல்லாத்தையும் பொதுவுல ஏத்திடுங்க. ஹிட் எல்லாம் கன்டாமினேஷன்னு முடிஞ்சாலும் வேலை வீண் இல்ல, என்சிபிஐயோட எஃப்சிஎஸ்-ங்கிற கலப்படம் பிடிக்கிற டூல்ல அந்த அசெம்பிளியை ஓட்டி எந்த கான்டிக், எத்தனாவது எழுத்துல இருந்து எதுவரைன்னு குறிச்சு, அதை சப்மிட் பண்ணவங்களுக்கும் டேட்டாபேஸுக்கும் மெயில் போடுங்க, அடுத்து அதே புழுவை எடுக்கிற பசங்களுக்கு அந்த பொய் ஹிட் வராது.